குடை மாட்டிய மான்கொம்பு

பழஞ்சாமான் கடையில், பூவேலை செய்த மரப்பலகையில் பதித்த மான்கொம்பு ஒன்று. அதில் கடைக்காரர் தன் குடையை மாட்டியிருந்தார். என் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அப்பா ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் சமையல்காரர்; அவரை முசியே என்றுதான் சொல்வோம். ஆறு வயதில் ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிப்போனார். கூடத்துச் சுவரில் இதே மாதிரிக் கொம்பு, பலகை முழுக்கத் திராட்சைக்கொடி. எங்கள் வீட்டு மாதா சுரூபம் நிற்கும் பீடத்திலும் அதே கொடிதான். விளக்கொளியில் கொம்பின் நிழல் பெரிய மரம்போலக் கூரைவரை கிளைத்துப் படர்ந்திருந்தது. முழங்காலிட்டு, "அருள் நிறைந்த மரியே" என்று செபிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா ஓடிவந்தார். "எழுந்திரு பாப்பா! அது சுரூபமில்ல, முசியே சுட்ட மான்!" வேலை போய்விடுமோ என்று பயந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

வாசலில் முசியே நின்றிருந்தார். தினமும் அந்தக் கொம்பில்தான் தொப்பியை மாட்டுவாராம். அன்று அதை மார்போடு பிடித்துக்கொண்டு, அப்பாவைப் பேசாதே என்று கையமர்த்தி, நான் செபத்தை முடிக்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு தொப்பியை நாற்காலியில் வைத்தார்.

நான் குடையை எடுத்துக் கீழே வைத்தேன்.

"ஏம்மா எடுக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"அங்க மாட்டாதப்பா" என்றேன்.