எனக்கு மல்லிகை குமட்டும்

இந்த நாட்டில் பூவைக் கண்டால் முதலில் மூக்கைத்தான் நீட்டுகிறார்கள். பூ ஆயும்போது மூச்சுக்கூட அதில் படக்கூடாது, முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது என்று வளர்ந்தவள் நான். சிட்னியில் எங்கள் பக்கத்து வீட்டு ஐரீன், எழுபது வயதுக்காரி, நாயோடு நடக்கும்போது தெருவிலுள்ள ரோஜாச் செடிகள் ஒவ்வொன்றிலும் மூக்கைப் புதைத்து "லவ்லி" என்று சொல்லிவிட்டுப் போவாள். நாய் தன் வேலையை அதே செடியின் அடியில் முடிக்கும். பார்க்கவே எனக்கு அருவருப்பு. ஆனால் அவள்கூட எங்கள் வேலிக்குக் கிட்ட வந்தால் மூக்கைச் சுளித்தாள். அங்கேதான் என் கணவர் மல்லிகைக் கொடி வளர்த்திருந்தார்.

அவர் கொடிகாமத்துக்காரர், கொழும்பில் வேலை பார்த்தவர். எண்பத்துமூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு தப்பி, அடுத்த வருடமே இங்கே வந்து சேர்ந்தார். நான் கல்யாணம் பேசி வந்தது தொண்ணூற்றிரண்டில். அவர் மனதில் யாழ்ப்பாணம் எண்பத்துமூன்றோடு நின்றுவிட்டது. கொடிகாமத்துச் சந்தையில் இன்றைக்கும் அதே ஆட்கள் அதே மாம்பழத்தை விற்றுக்கொண்டிருப்பதாகத்தான் நினைப்பு. புதுப்பெண்டாட்டிக்கு ஊர் நினைப்பு வரக்கூடாதென்று நான் வந்த மாதமே நர்சரியில் அந்தக் கொடியை வாங்கிக் நான் சமைக்கும் குசினி ஜன்னலுக்கு நேரே நட்டார். ஊர் மல்லிகை அல்ல. மொட்டு இளஞ்சிவப்பு, பூ வெள்ளை, மணம் மட்டும் நாலு மல்லிகைக்குச் சமன். வருடம் முழுக்கப் பச்சை. எருப் போட்டு, கயிறு கட்டி ஏற்றிவிட்டார். அடுத்த வருடமே அது வேலியை மூடி மழைநீர்ப் பீலியைப் பிடித்துக் கூரைக்கு ஏறியது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதைதான்.

செப்ரெம்பரில் மொத்தமாகப் பூத்தது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன வாசமப்பா! கண்ணை மூடினா ஊரிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவள், கத்தியைப் போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். சத்தி எடுத்துவிட்டு வந்து பார்த்தால் மனிசன் முகமெல்லாம் பல். நான் வாய் திறக்க முன்னமே கனடாவில், ரொறொன்ரோவில் இருக்கும் தமக்கைக்கு ரெலிபோன் போய்விட்டது. மச்சாள் என்னைக் கூப்பிட்டு, "புளி ஏதும் தின்ன மனம் வருதோ?" என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை, பூ மணம்தான் ஒத்துவரவில்லை என்றேன். கணவர் நம்பவில்லை.

"மல்லிகை மணத்துக்குச் சத்தி எடுக்கிற தமிழ்ப் பொம்பிளை உலகத்திலை இருக்குமே?"

அடுத்த நாள் வேலிக்கு மேலால் ஐரீனுக்கு மூக்கைப் பொத்திக் காட்டி, "பாட் ஸ்மெல்" என்றேன். அவள் முகம் மலர்ந்துபோனது. இது பூ அல்ல, களை, விட்டால் மரங்களையே கழுத்தை நெரித்துக் கொன்றுவிடும் என்று நீளமாகச் சொல்லி, அடியை வெட்டிப் பூசுவதற்கு ஒரு போத்தல் மருந்தும் தந்தாள். தோட்டக்கலை தெரிந்த பெண் என்று என்னை நினைத்துவிட்டாள். இந்த நாட்டில் ஒருத்தி என்னோடு முழுமனதாக ஒத்துப்போனது அன்றுதான், அதுவும் காரணம் தெரியாமல்.

போத்தலை என் கையில் கண்ட கணவருக்குக் கோபம் வந்தது. "ஒரு பூமரத்துக்கு நஞ்சு வைக்கிற அளவுக்கு அது உமக்கு என்ன செய்தது?"

அப்போதுதான் சொன்னேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது புதினமாக இராது. தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் அச்சுவேலியில் என்னைப் பெற்ற ஐயா வீட்டு வளவுக்குள் ஷெல்லுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினார். பனங்குற்றி அடுக்கி மேலே மண் போட்டார். வெறும் மண் மேலே பறக்கிற பொம்மர்காரனுக்குத் தெரியும் என்று பூசணி நட்டார். அது வெயிலுக்குக் காய்ந்தது. எந்தக் காலத்திலும் இலை நிற்பது மல்லிகைதான் என்று கிணற்றடிக் கொடியில் பதியம் எடுத்து வைத்தார். அது நன்றாகப் படர்ந்தது, பிறகு பூத்தும் தொலைத்தது. "பச்சைக்கெண்டு நட்டால் இது மேலை வெள்ளை வேட்டியை விரிச்சுக் காட்டுது" என்று ஐயா தலையில் கை வைத்தார். அதனால் ஒவ்வொரு பின்னேரமும் விரிய முன்னம் மொட்டெல்லாவற்றையும் நானும் அம்மாவும் கிள்ள வேண்டும். கோயில் பூட்டிக் கிடந்தது, பூச்சூட ஆளில்லை. வாளி வாளியாக வாழையடியில் வெட்டின கிடங்கில் கொட்டினோம். அழுகின மல்லிகை எப்படி நாறும் என்று பாட்டுக் கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. செத்த எலி பரவாயில்லை. கொடிக்கு ஊற்றிய தண்ணீர் கீழே கசிந்து பங்கர்ச் சுவரெல்லாம் சதசதவென்று தவளை ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு மாரியில் இரண்டு நாள் ஷெல் ஓயவில்லை. பக்கத்து வீட்டாரும் எங்களோடு உள்ளே. அம்மாவுக்கு வயிற்றோட்டம். மூலையில் ஒரு வாளி. மறைப்புக்கு நான் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே மொட்டுக் கிள்ள ஆளில்லாமல் அத்தனையும் விரிந்துவிட்டது. காற்றுக்கு வைத்த குழாய் வழியாக அந்த மணம் இறங்கி வாளி நாற்றத்தோடு கலந்தது. காலையில் தலைக்குத் தோயாமல் அடுப்படிக்குள் கால் வைக்காத அம்மா, அயலாருக்கு முன்னால் அப்படிக் குந்தியிருந்தார். "பிள்ளை, அந்த ஓட்டையை அடை. மூச்சு முட்டினாலும் பரவாயில்லை, எனக்கு உந்த மணம் வேண்டாம்" என்று அழுதார். பிழைத்துவிட்டார். அதன்பிறகு சாமிக்கு மணமில்லாத செவ்வரத்தம்பூ மட்டும்தான் வைத்தார்.

கணவர் போத்தலை வாங்கிக் கீழே வைத்தார். "உந்தக் கதையை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லையே. ஊரைப் பற்றி எனக்கு நீங்களெல்லோ சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்."

சனிக்கிழமை மண்வெட்டியோடு இறங்கிக் கொடியை அடியோடு கிண்டினார். ஐரீன் எட்டிப் பார்த்து என்னைப் புகழ்ந்தாள். வேரோடு ஒரு துண்டை மட்டும் அவர் ஈரச் சாக்கில் சுற்றினார். இரண்டு தெரு தள்ளி, தன்னைப் போலவே கலவரத்தோடு வந்த சிவம் வீட்டில் நடப்போவதாக என்னிடமே சொன்னார். நான் மறிக்கவில்லை. அவருக்கும் ஒரு ஊர் இருந்தது, அதில் பங்கர் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அது சிவம் வீட்டில் பூத்திருக்கிறது. வேலை முடிந்து வரும் வழியில் அங்கே இறங்கிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறார். முதல் நாள் வாசலில் அவர் போட்டிருந்த சேட்டில் அந்த மணம் முகத்தில் அடித்தது. "தோய்ஞ்சுபோட்டு உள்ளுக்கு வாங்கோ" என்று கத்தினேன். செத்தவீட்டுக்குப் போய் வருகிறவர்களுக்குச் சொல்வதைச் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் பின்பக்கத் தோட்டத்துப் பைப்பில் சேட்டைக் கழற்றிவிட்டு முகம், கழுத்து, கை எல்லாம் கழுவினார். நான் துடைக்கத் துவாயை நீட்டினேன். அன்றிலிருந்து தினமும் இதே நடக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நிற்பவரிடம், யாருக்குத் துக்கம் கேட்டுவிட்டு வருகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை.