ஊதாப் புள்ளி

களிம்புப் புட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் அவர் வார்டுக்குள் நுழைகிறார். "சில்லுனு வச்சா யாருக்குத்தான் தூக்கிப்போடாது?" என்பது அவர் கட்சி. வெதுவெதுப்பான களிம்பில் ஒரு சொட்டை நோயாளியின் காதோர நெற்றிப்பொட்டில் விட்டு, பேனா போன்ற கருவியை அதன்மேல் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார். உள்ளே ஓடும் ரத்தம் கருவியோடு இணைந்த ஒலிப்பெட்டியில் உஸ்... உஸ்... என்று மூச்சுவிடுகிறது.

மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து பிழைத்தவர்களுக்கு ஆபத்து அத்தோடு தீர்வதில்லை. அடுத்த இரண்டு வாரத்துக்குள் மூளையின் ரத்தக்குழாய்கள் சொல்லாமல் கொள்ளாமல் சுருங்கலாம். கை போகலாம், பேச்சு போகலாம். சுருங்கும் குழாயில் ஓட்டம் வேகமெடுக்கும், சத்தம் கீச்சென்று ஏறும். அதை வைத்து ஆபத்தை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று அந்த மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. தினமும் ஒரே இடத்தில் கேட்டால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம். அதற்காக முதல் நாளே நெற்றிப்பொட்டில் ஊதா மையால் புள்ளி வைத்துவிடுகிறார் இந்த டெக்னீஷியன். வார்டில் அவர் பெயரே புள்ளி அக்கா.

எதிர்வீட்டு மிக்ஸி சத்தத்தைக் கேட்டே சட்னியா மாவா என்று சொல்லிவிடுவாராம். கணவர் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓர் அம்மாளின் ரத்த ஓட்டம் ஆறு நாளாக ஒழுங்காக இருந்தது. ஏழாம் நாள் காலை புள்ளியைக் காணோம்.

"அழுக்குன்னு நெனச்சு சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டேன்க்கா" என்றாள் மகள்.

"ஏம்மா, உங்கம்மா என்ன அழகிப் போட்டிக்கா போறாங்க?"

"போனா பரிசு எனக்குத்தான்" என்றார் படுக்கையில் இருந்த அம்மாள்.

'அளவு எடுக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். ஆராய்ச்சி விதி அதற்கு இடம் கொடுக்கிறது. புள்ளி அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நகக்கண் அளவு மேலே, அதில் பாதி கீழே. இருபது நிமிடம் தேடிய பிறகு பழைய குரல் அகப்பட்டது. ஆனால் ஏறியிருந்தது.

"இடம் மாறினதுல வந்த வித்தியாசமா இருக்கும்க்கா" என்றார் இளம் டாக்டர்.

"இடம் தப்பினா வேகம் கம்மியா காட்டும் டாக்டர். இது கூடியிருக்கு. ஸ்கேன் எடுங்க. தப்பா இருந்தா என்னை ஆசைதீரத் திட்டிக்கோங்க."

ஸ்கேனில் வலப்பக்கக் குழாய் ஒடுங்கித்தான் இருந்தது. அன்று பிற்பகல் அம்மாளின் இடது கையிலிருந்து டம்ளர் நழுவியபோது, தயாராக வைத்திருந்த மருந்து அந்த நிமிடமே ஏறியது. இரண்டு நாளில் விரல்கள் ஒவ்வொன்றாகப் பேச்சைக் கேட்கத் தொடங்கின.

"நான் தேய்க்காம இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமாக்கா?" மகள் அழுதாள்.

"தெரிஞ்சிருக்கும். இருபது நிமிஷம் முன்னாடி. போய் சாப்பிடு."

அதன்பிறகு புதுப் புள்ளிக்கு மகள்தான் காவல். அம்மாவின் முகத்தில் அந்த ஓரம் மட்டும் ஒரு வாரமாகத் தண்ணீரே பார்க்கவில்லை.

பதினான்காம் நாள் ஓட்டம் பழையபடி இறங்கியிருந்தது. அம்மாள் இடது கையால் தலையணையைப் பிடித்து, வளைவில் பேருந்தைத் திருப்புவதுபோல் திருப்பிக் காட்டினார். புள்ளி அக்கா ஊதா மைப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். ஈரப் பஞ்சை எடுத்து, அதன் குளிர் போகும்வரை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தார். பிறகு குனிந்து, புள்ளியை மெல்லத் துடைத்தார்.