இரண்டு கண்ணாடிக் கலங்கள்

அப்பா வன்னியில் ஷெல் விழுந்து இறந்த செய்தி ஜேர்மனியில் நான் இருந்த டோர்ட்மண்டுக்கு வந்து சேர நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. போர் முடியும் தறுவாயில், அந்தப் பக்கம் யாரோடும் பேச முடியாமல் போன மாதங்கள் அவை. சாவுத் துடக்கு எத்தனை நாள் காக்க வேண்டும் என்று கோயில் ஐயரிடம் கேட்டேன். "முப்பத்தொரு நாள் கடந்திட்டுதல்லோ தம்பி, இனித் தலையில தோய்ஞ்சால் காணும்," என்றார். தோய்ந்தேன். தலையைத் துவட்டிவிட்டு வழக்கமான டிராமில் ஆய்வுகூடத்துக்குப் போனேன். அழுகை வரவில்லை. வராததற்கு வெட்கம்கூட வரவில்லை.

முனைவர் பட்டத்துக்காக நான் அங்கே கட்டிக்கொண்டு மாரடித்தது இரண்டு கண்ணாடிக் கலங்களோடு. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு, உள்ளே சீசியம் ஆவி. இரண்டுக்கும் ஊடாக ஒரே லேசர் ஒளி போகும். வெளியே வரும் ஒளியை அளந்தால் எந்தக் கலத்தில் என்ன என்று தனித்தனியாகத் தெரியாது, இரண்டும் சேர்ந்த கணக்கு மட்டும் தெரியும். அப்படி அளப்பதே இரண்டு கலங்களின் அணுச் சுழற்சிகளையும் ஒன்றோடொன்று பின்னிவிடும். கண்மூடித் திறப்பதற்குள் பின்னல் அறுந்தும்விடும். பார்க்க வருகிறவர்களெல்லாம், அப்படியென்றால் இங்கே தட்டினால் அங்கே தெரியுமா என்பார்கள். தெரியாது ஐயா, அது ஒரு சேதியும் கொண்டுபோகாது என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்தது.

அடுத்த கிழமை அம்மா அகதி முகாமிலிருந்து யாருடையவோ கைபேசியில் அழைத்தார். குரலில் ஈரமே இல்லை. அப்பா இறந்தது சரியாக எந்தத் தேதி என்று அப்போதுதான் சொன்னார்.

"கடைசியா உன்னைத்தான் கேட்டவர். அண்டைக்கு உனக்கு ஒண்டும் தெரியேல்லையே ராசா? நெஞ்சு பதறேல்லையே?"

ஆய்வுக் கொப்பி மேசையில்தான் கிடந்தது. புரட்டினேன். அந்தத் தேதிக்கு முதல்நாள் எங்களுக்கு முதன்முதலாகப் பின்னல் கிடைத்திருந்தது. யாருக்கு நல்லது நடந்தாலும் மறுநாள் அவரே கேக் கொண்டுவர வேண்டும் என்பது ஜேர்மன்காரரின் வழக்கம். அப்பா இறந்த நாளுக்கு என் கையெழுத்தில் இருந்தது ஒரே சொல்: கேக். சொக்லேட் கேக். இரண்டு துண்டு தின்றேன், நன்றாக ஞாபகம்.

அம்மா காத்திருந்தார்.

"ஓம் அம்மா," என்றேன். "அண்டைக்கு வேலையே ஓடேல்ல. சாப்பாடும் இறங்கேல்ல."

"எனக்குத் தெரியும்," என்றார். பிறகு உடைந்து அழுதார். அப்பா போனபின் அதுதான் அவருடைய முதல் அழுகை என்று முகாமில் கூட இருந்த தங்கை பின்னால் சொன்னாள்.

நான் கொப்பியை மூடிவிட்டு லேசரைப் போடப் போனேன். அளக்காத ஒன்றை அளந்ததாக நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.