பார்ப்பதற்கு ஒரு சட்டி

நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஒரு தட்டு நிறையப் பயறு முளையையும் கொண்டுவந்து வைத்தாள் கடைக்காரி. அந்தப் பச்சை வாசம் பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, சைகோனில் ஆட்சி மாறிய சமயம். காரைக்காலுக்குத் திரும்ப அனுமதி வருமென்று அப்பா பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அம்மாவை ஆட்டிவைத்தது வேறொன்று. நாம் துணியில் கட்டிவைக்கும் பச்சைப்பயறு துளி வால்தான் விடுகிறது. அடுத்த வீட்டு வியட்நாம்காரிக்கு மட்டும் எப்படி விரல் நீளத்துக்கு வெள்ளைவெளேரென்று வருகிறது?

"இருட்டுல மூடி, மேல கல்ல வைக்கணுமாம். தெறக்கவே கூடாதாம்" என்று அவளிடம் கேட்டுவந்தாள் அம்மா.

அம்மாவால் திறக்காமல் இருக்க முடியுமா? வெளிச்சம் பட்டுப்பட்டு முளை பச்சையாகிக் கசந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடான நாட்கள், கசப்பையே தின்றோம்.

"விட்டுக் கெளம்பப் போற ஊர்ல இதெல்லாம் எதுக்குடி?" என்று அப்பா கத்தினார்.

"கெளம்புற வரைக்கும் பொட்டியையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

மறுநாள் அம்மா இரண்டு சட்டி வைத்தாள். ஒன்றைத் தொடவில்லை. மற்றதை நினைத்தபோதெல்லாம் திறந்து, கல்லின் கனத்தில் தண்டு எப்படித் தடிக்கிறது என்று பார்த்தாள். "அது திங்க, இது பாக்க" என்றாள்.

அனுமதிக் கடிதம் வந்தபோது அம்மா தொடாத சட்டியில் வந்த முளையை விற்கச் சந்தைக்குப் போயிருந்தாள். அப்பா வெகுநேரம் சட்டிகளையே பார்த்தார். பிறகு பயணத்துக்கென்று வைத்திருந்த வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து, சட்டி மூடும் துணியாகக் கிழித்தார். நாங்கள் போகவில்லை.

நூடுல்ஸ் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு கடையின் அடுப்படிக்குப் போனேன். மூலையில் கல் ஏற்றிய சட்டி ஒன்று இருந்தது.

"அதைத் திறக்கக் கூடாது" என்றாள் கடைக்காரி.

"சரி. பார்க்கிற சட்டி எது?" என்று கேட்டேன்.