யாரும் எழுப்பவில்லை

என் தங்கை பட்டம் வாங்கிய வருடம் அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலையாட்களை ஏற்றிக் கம்பெனியில் கொண்டுபோய் விட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். தீபாவளி சீசன் வந்துவிட்டால் அதோடு முடியாது. ராத்திரியில் சரக்கு லோடு ஏற்றிக்கொண்டு சிவகாசி லாரி ஆபீசுக்கும் ஓட வேண்டும். பட்டமளிப்பு விழா சரியாக அந்த சீசனுக்கு நடுவில் ஒரு சனிக்கிழமை வந்து விழுந்தது.

நான் அப்போது கல்யாணமாகிக் காரியாபட்டியில் இருந்தேன். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தபோது அப்பா வீட்டில் இல்லை.

"லீவு கேட்டாகளாம். மொதலாளி மொகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டாராம். சனிக்கெழம லோடையும் சேத்து முன்னாடியே அடிச்சிட்டுப் போறேன்னு சொல்லிட்டாக. ரெண்டு நாளா வீட்ல படுக்கவே இல்ல" என்றாள் அம்மா.

காலையில் அப்பா வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. குளித்துவிட்டு, கிறிஸ்துமசுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றார். விருதுநகர் போகும்வரை பஸ்ஸில் அவர் கண்ணை மூடவில்லை. டிரைவர் பிரேக் போட்டபோதெல்லாம் அப்பாவின் வலது காலும் தரையை அழுத்தியது.

"கொஞ்சம் தூங்குங்களேன்ப்பா" என்றேன்.

"அடுத்தவன் ஓட்டும்போது எப்படித்தா தூக்கம் வரும்?" என்றார்.

தங்கை மூன்று வருடமும் விருதுநகரில் அத்தை வீட்டில் தங்கித்தான் படித்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா, ஆஸ்பத்திரியில் நர்சு. அன்றைக்கு டூட்டி மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காததால் அவர் வரவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் படியை மிதித்தவள் தங்கை ஒருத்திதான். கறுப்பு அங்கியோடு அவள் ஓடிவந்தபோது அப்பா அந்தத் துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டுக் கனமா இருக்கே, புழுங்காதா தாயி?"

"உள்ள ஏசிப்பா."

"ஒன் பேரு எப்ப வரும்?"

"எங்க டிபார்ட்மெண்ட் கடைசிதான். கெமிஸ்ட்ரி முடிஞ்சதும் வந்துரும்."

அரங்கத்தில் நடைபாதையை ஒட்டிய நாற்காலியை அப்பாதான் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே உட்கார்ந்தால் மேடை மறைக்காதாம். அம்மா அவருக்கு அடுத்தும் நான் அதற்கு அடுத்தும் உட்கார்ந்தோம். இங்கிலீஷ் பேச்சு நீண்டுகொண்டே போனது. எல்லாரும் கைதட்டியபோது அப்பாவும் தட்டினார். பிறகு பட்டம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சிறப்பு விருந்தினராக வந்த பெரியவர் பாதியிலேயே வேறு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். மீதிப் பேருக்கு கல்லூரி முதல்வரம்மாவே கொடுத்தார்.

கெமிஸ்ட்ரி பிள்ளைகள் மேடையேறிக்கொண்டிருந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மாவைத் தாண்டி நான் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுளா. இன்னும் நேரம் கெடக்கு. செத்த கண்ணசரட்டும்."

நேரம் கிடக்கவில்லை. தங்கையின் வரிசை எழுந்து நின்றது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அத்தனை நிம்மதியை நானும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "தூங்கட்டும், பாவம்" என்றாள். நானும் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தங்கையின் பெயரை வாசித்தார்கள். அவள் நடந்துபோய் வாங்கினாள். அம்மா கண்ணீர் வழிய, சத்தம் வராமல் கைதட்டினாள். மேடையிலிருந்து இறங்கிய தங்கை எங்கள் நடைபாதை வழியாகவே தன் இடத்துக்குத் திரும்பினாள். அப்பாவின் பக்கத்தில் வந்ததும் அவள் கால் நின்றது. அவர் தோளுக்கு அருகே கை வந்தது. பிறகு அதை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் எல்லாரும் தேசிய கீதத்துக்கு எழுந்த சத்தத்தில்தான் அப்பா திடுக்கிட்டு எழுந்தார். பாட்டு முடிந்ததும் அம்மா பக்கம் குனிந்தார்.

"நம்ம புள்ள வாங்கிட்டாளா?"

"வாங்கிட்டா. நீங்கதான் பாத்துக்கிட்டு இருந்தீகளே" என்றாள் அம்மா.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, ஆமா, பாத்தேன்" என்றார்.

வெளியே தங்கை பட்டத்தை அவர் கையில் கொடுத்தாள். அங்கியை உடனே திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு அத்தை வீட்டில் தங்கினோம். டூட்டி முடிந்து வந்த அத்தை, செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், "எப்படி இருந்துச்சு தம்பி? ஒண்ணு விடாமச் சொல்லு."

அப்பா சொன்னார். தங்கை தலை நிமிர்ந்து நடந்து போனதை, ஜனங்கள் கைதட்டியதை எல்லாம் சொன்னார். "அந்தப் பெரிய ஐயா இருக்காருல்ல, அவரு கையில குடுத்துட்டு, நல்லா இருன்னு சொல்ற மாதிரி தலையாட்டுனாரு அக்கா."

தங்கை தண்ணீர் எடுக்கப்போவதைப்போல அடுப்படிக்குள் போய்விட்டாள். அம்மா சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அத்தைக்குச் சாப்பாடு வைக்கப் போனேன்.

மறுநாள் சர்ச்சில் காலைப் பூசை முடிந்து கிளம்பினோம். தங்கையும் எங்களோடு ஊருக்கு வந்தாள். சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஏழாயிரம்பண்ணை பஸ் வர நேரமாயிற்று. அப்பா நான்கு டீ வாங்கிவந்தார். தன்னுடையதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு தங்கையிடம் சொன்னார்.

"நான் பாக்கல தாயி. தூங்கிட்டேன். அத்தைகிட்ட சொன்னதெல்லாம் சும்மா."

"தெரியும்ப்பா. ஒங்களத் தாண்டித்தான் போனேன்."

"தாண்டியா போன?"

"எழுப்ப மனசு வரலப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் முழிச்சித்தான இருந்தீக? மூணு பேருல ஒருத்தராச்சும் எழுப்பக் கூடாதா? தூங்கவா நான் அம்புட்டுத் தூரம் வந்தேன்?"

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்போம். குரல் உடைந்துபோயிருந்தது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு நடுவில் அப்பா அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அழவில்லை. பஸ் வந்ததும் முதலில் ஏறி எங்களுக்கு இடம் பிடித்தார். திங்கட்கிழமை விடியலில் வழக்கம்போல வேனை எடுத்துக்கொண்டு போனார்.

கல்லூரியிலிருந்து போட்டோ வந்தபோது அதில் பட்டம் கொடுப்பது முதல்வரம்மா. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். "இந்த அம்மாவா குடுத்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து தங்கை பி.எட். சேர்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்தே அப்பா, "இதுக்கு விழா உண்டுல்ல? எப்ப வைப்பாக?" என்று கேட்க ஆரம்பித்தார். முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். படிப்பு முடிந்த கையோடு அவளுக்குக் கல்யாணம் ஆனது. அந்த விழா வந்தபோது அவள் பிரசவமாகி, பச்சைப் பிள்ளையோடு எங்கள் வீட்டில் படுத்திருந்தாள். சில மாதம் கழித்து ஆபீசில் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை வாங்கிவந்தாள். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, திருப்பிப் பார்த்தார்.

"கூட யாரும் வந்தாகளா?"

"இல்லப்பா. ஜன்னல் வழியாத்தான் குடுத்தாக."

"ஓகோ" என்றார். அதற்குப் பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டில் யாரும் மேடையேறிப் பட்டம் வாங்கவில்லை. என் மகன் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தான். அவன் காலேஜ் முடிக்கும்வரை அப்பா உயிரோடு இல்லை.