சீட்டுக்கடியில் பேட்டரி

மல்லாபூர் ஷெட்டில் என் பழைய பிக்கப் வண்டிக்கு ஒயரிங் செய்தவர் இந்த ஊரிலேயே பிறந்து, உருது கலந்து பேசும் தமிழர், ஒல்லியான மனிதர். எதை மாட்டுவதற்கு முன்பும் அதே அளவில் அட்டைப்பெட்டி செய்து, வைத்து வைத்துப் பார்ப்பார். எனக்கோ பொறுமை கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தான். ஆனால் யார் பேச்சையும் கேட்டு நான் முன்னேறவில்லை.

“பேட்டரியைச் சீட்டுக்கடியில வைப்பா. வெளிய வச்சா தூக்கிட்டுப் போயிடுவான்.”

“நக்கோ சேட், வேண்டாம். சீட்டுக்குப் பின்னாலயே பெட்ரோல் டேங்க். ஒரு பொறி போதும்.”

“எனக்கே வண்டியைப் பத்திச் சொல்றியா?”

“ஹவ், சரி, வைக்கிறேன். ஆனா முதல்ல ஸ்டார்ட் பண்றப்ப அந்தச் சீட்டுல நான் உட்கார்றேன். சாவியை நீங்க திருப்புங்க.”

சொன்னபடி பொருத்திவிட்டு ஏறி உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. வெளியே நின்று ஜன்னல் வழியாகச் சாவியைப் பிடித்த என் கை திரும்பவில்லை.

“கழட்டி வெளியவே வைப்பா” என்றேன்.

நான் திருப்பப் போயிருந்தால் அவர் அதற்குள் இறங்கியிருப்பாரா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.