மிளகாய் வறுக்காத லயம்

போன வாரம் ஒரு காலையில், வறுக்கிற சட்டியையும் ஒரு பிடி செத்தல் மிளகாயையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். மூன்று கல்லைக் கூட்டி, காய்ந்த தேயிலைக் குச்சிகளைப் பற்றவைத்துச் சட்டியை ஏற்றினேன். தூறல் வேறு. மருமகள் பின்கதவில் வந்து நின்று சிரித்தாள்.

"என்ன மாமி இது, மழையில குந்திக்கிட்டு? உள்ள கேஸ் அடுப்பு இருக்கு. புள்ள ரூம்ல தூங்குறான், கதவும் சாத்தித்தான் இருக்கு. இல்லாட்டி கடையில பக்கெட் மிளகாத்தூள் வாங்கலாமே!"

அவள் சொல்வது சரிதான். மகன் கட்டிய இந்த வீட்டில் சுவர்கள் கூரைவரை போகின்றன. குசினியில் என்ன நெடி கிளம்பினாலும் பேரன் தூங்கும் அறைக்கு வராது. "பழக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டியைக் கிளறினேன். சொல்ல நினைத்தது அதைவிடக் கொஞ்சம் நீளம். எனக்கு நேரில் பேச வராது. உங்களிடம் என்றால் எழுதிவிடலாம்.

நான் பிறந்து வளர்ந்தது மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம்; அந்த வரிசைக்கு லயம் என்று பெயர். இரண்டு காம்பராக்களுக்கு நடுவே இருக்கிற சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் வெளிதான். அதனால் யார் வீட்டில் என்ன சண்டை, யார் வீட்டில் என்ன கறி என்று எல்லாருக்கும் தெரியும். கணக்குப் பாடத்தில் நான் வாங்கிய புள்ளியைச் சொல்லி அப்பா திட்டினால், அடுத்த நாள் லயத்துக்குத் தள்ளி இருந்த பீலியில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது கடைசிக் காம்பரா அக்கா, "அடுத்த தவணை பாத்துக்கலாம் விடு" என்பார். கறிக்கு மட்டும்தான் சுவர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் காம்பராவில் பிள்ளை பிறந்தாலும், மற்ற எல்லாக் காம்பராக்களிலும் மிளகாய் வறுப்பதை நிறுத்திவிடுவார்கள். நெடி சுவரைத் தாண்டிப் போனால் பச்சைப் பிள்ளைக்கு மூச்சு முட்டும். அவசரத்துக்கு வேண்டுமென்றால் சட்டியோடு பீலிக்குப் போய், அங்கே கல்லைக் கூட்டி வறுத்துக்கொண்டு வர வேண்டும். வேலை முடிந்து கொழுந்துக் கூடையோடு திரும்புகிற பெண்களுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? ரொட்டிக்குத் தேங்காயும் வெங்காயமும் மிளகும் போட்டு ஒரு வெள்ளைச் சம்பல். அதைத் தின்றே எல்லாரும் நாளைத் தள்ளுவார்கள்.

எனக்குத் தம்பி பிறந்தபோதும் அப்படித்தான் நடந்தது. எனக்குப் பிறகு ரொம்பக் காலம் கழித்துப் பிறந்தவன். அம்மாவுக்குப் பத்தியம் சமைத்துப்போடச் சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. அப்பாதான் சமைத்தார். தேயிலையில் கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்கு அன்றைய பங்கை முடித்துவிட்டால் மதியத்தோடு வேலை முடிந்தது. அப்பா கத்தியைக் கூரையில் செருகிவிட்டு, கை கழுவி, பூண்டு உரிக்க உட்காருவார். தேயிலைச் செடியை அளந்து வெட்டுகிற கைக்குப் பூண்டுத் தோல் பிடிபடாது. பாதிப் பூண்டு தோலோடு போய்விடும். டவுனில் நானா கடையில் பால்சுறாக் கருவாடு வாங்கிவந்து, ஊறவைத்து, அவித்து, உதிர்த்து, மிளகும் பூண்டும் போட்டு வறுப்பார். அதைத் தின்றால் தாய்க்குப் பால் ஊறும். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு கரிக்குதுங்க" என்பாள். "கருவாடு உப்பாத்தான் இருக்கும், தின்னு புள்ள" என்பார் அப்பா. தினமும் இதே பேச்சு. தினமும் தட்டு காலியாகிவிடும்.

பக்கத்துக் காம்பராவில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். இரத்த உறவு இல்லை. சுவர் உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். மிளகாய்ச் சம்பல் இல்லாமல் ஒருநாளும் ரொட்டி இறங்காத மனிதர். வேலை விட்டு வந்ததும் எங்கள் வாசலில் நின்று தொட்டிலைப் பார்த்துக் கும்பிடு போடுவார்.

"சலாமுங்க தொரை. எப்பங்க எங்களுக்கு உத்தரவு குடுப்பீங்க? நாக்கு செத்துப் போச்சுங்க."

"தொரை இன்னும் ஒழுங்கா மூச்சே விடல, அதுக்குள்ள உனக்குச் சம்பல் கேக்குதா?" என்று பெரியம்மா உள்ளேயிருந்து கத்துவார்.

அப்படித்தான் தம்பிக்குக் குட்டித்துரை என்று பெயர் வந்தது. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. பங்களாவில் இருந்து தோட்டத்தை நடத்திய பெரிய துரை சொல்லிக்கூட அந்த லயம் முழுவதும் ஒன்றாய்க் கேட்டு நடந்ததை நான் பார்த்ததில்லை. முஷ்டியை மூடிக்கொண்டு தூங்குகிற ஒரு சின்ன உயிர், வாயைத் திறக்காமலே அத்தனை அடுப்பையும் அடக்கி வைத்திருந்தது.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து அப்பா தொட்டிலை மாற்றி மாற்றிக் கட்டினார். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. பால் குடிக்கிறபோது மூக்கு அடைத்து, விட்டுவிட்டு அழுதான். பிறகு அழுவதற்கும் பலம் இல்லாமல் போனது. ஒரு காலையில் தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பெரியம்மாவோடு நான் வாசலில் காத்திருந்தேன். சாயங்காலம் லொறி திரும்பி வந்தது. அம்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள், போகும்போது எப்படி அணைத்திருந்தாளோ அப்படியே. சுகமாகிவிட்டது என்று நினைத்து நான் ஓடினேன். பெரியம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். அந்தப் பிடியில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அம்மா அழவில்லை. அடக்கம் முடிந்து அப்பா மண் ஒட்டிய காலோடு வந்தபோதும் அழவில்லை. சும்மா இருந்தாள். தொட்டில் சேலையை அவிழ்க்க விடவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், பேச மாட்டாள். "அவ அழணும் தம்பி" என்று பெரியம்மா அப்பாவிடம் சொன்னது சுவருக்கு மேலாக எனக்குக் கேட்டது. "இப்பிடியே உள்ளுக்குள்ள போட்டு வச்சிருந்தா, அவளையும் நாம பாக்க முடியாமப் போயிரும்." அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு மனசில் அந்தப் பேச்சேதான். வீட்டுக்கு வந்ததும் முதலில் அம்மா இருக்கிறாளா என்று பார்ப்பேன்.

அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் சமைத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் மறுபடியும் பால்சுறாவை ஊறவைத்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அது இனி வேணாம்யா. பால் கட்டிக்கும். ஏற்கெனவே வலியில கெடக்குறா."

அப்பா கருவாட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். திரும்பப் போட்டார். மறுபடி எடுத்தார். கடைசியில் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

லயத்தில் இன்னும் யாரும் மிளகாய் வறுக்கவில்லை. இப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கூடிப் பேசவில்லை. பிள்ளைதான் இல்லையே, யாருக்காக? ஆனாலும் முதல் மிளகாயை அடுப்பில் போட யாருக்கும் கை வரவில்லை. போட்டால், அந்தக் காம்பராவில் இனிப் பிள்ளை இல்லை என்று சுவருக்கு மேலாகக் கூவிச் சொல்வது மாதிரி. பீலிக்குச் சட்டி கொண்டுபோவதையும் விட்டுவிட்டார்கள். பெரியப்பா வெள்ளைச் சம்பலையே தின்றார். எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார். நாக்கு செத்துப்போச்சு என்று சொன்ன பகிடி அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அம்மா தானாக எழுந்தாள். தொட்டில் சேலையை அவிழ்த்து, மடித்து, பெட்டியில் வைத்தாள். அடுப்பில் சட்டியை வைத்தாள். மிளகாய் டின்னை எடுத்துக் கை நிறைய அள்ளிச் சட்டியில் போட்டாள். அப்பா எழுந்தார், பிறகு திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

மிளகாய் கறுத்தது. விதை வெடித்தது. நெடி எழும்பிச் சுவரைத் தாண்டிப் போனது. வேறு நாளாக இருந்தால், "எவடி அது, மனுசரக் கொல்றவ?" என்று நாலு பக்கமும் சத்தம் வந்திருக்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. முதலில் பெரியப்பா இருமினார். பிறகு பெரியம்மா. அதற்கடுத்த காம்பரா. அப்படியே கடைசிக் காம்பராவரைக்கும் ஒவ்வொருவராக இருமியது கேட்டது. இருமலுக்கு நடுவே மூக்கை உறிஞ்சுவதும் விம்முவதும் கேட்டது. எது மிளகாய்க்கு, எது பிள்ளைக்கு என்று யாரும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அம்மா அப்போதுதான் அழுதாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அப்பா சட்டியை இறக்கி வைத்தார். நான் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

பிறகு அவள் முகம் கழுவி வந்து சம்பல் இடித்தாள். ஒரு தட்டில் ரொட்டியோடு அள்ளி வைத்து என்னிடம் கொடுத்தாள்.

"பெரியப்பாகிட்ட குடுத்துட்டு வா. நாக்கு செத்துப் போச்சுன்னு சொன்னாருல்ல."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. பெரியப்பா தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். ரொட்டியைப் பிய்த்து, தொட்டு, வாயில் வைத்தார். மெல்ல முடியவில்லை அவருக்கு.

"காரம் கூடிப்போச்சு தாயி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணியக் குடிங்கண்ணே" என்றாள் அம்மா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் இல்லை. அந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். அது போனதற்காக நான் அழமாட்டேன். என் தம்பியைக் கொண்டுபோனதே அந்தக் கூரையின் ஈரம்தான். சுவர் கூரையைத் தொடுகிற வீட்டில் பேரன் சூடாகத் தூங்குகிறான் என்பதே எனக்குப் பெரிது.

ஆனாலும் அன்றைக்கு மழையில் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு கணம் கையை நிறுத்தினேன். மிளகாய் கறுத்து, நெடி எழும்பி, வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பக்கம் போனது. அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. காது கொடுத்துக் கேட்டேன். யாரும் இருமவில்லை.